ஸ்போர்ட்டியாவும் இருக்கணும், மைலேஜும் கொடுக்கணும்: எந்தக் கார் வாங்கலாம் டாக்டர்?

கார் வாங்கிட்டேன்னு போன மாசம் ஒரு வரி எழுதியிருந்தேன். சுகர், பிரஷர் பத்தி எழுதும்போது வராத கேள்விகள் எல்லாம் இன்பாக்ஸில் வந்து குவிந்துவிட்டன.

பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "டாக்டர், ஓட்ட ஜாலியா இருக்கணும், பெட்ரோலும் குடிக்கக் கூடாது. அப்படி ஒரு வண்டி இருக்கா?"

இருக்கு மக்களே. ஆனால் நாம் வழக்கமாகத் தேடும் இடத்தில் இல்லை. கொஞ்சம் நீளமான இழை. காபி எடுத்துக்கிட்டு வாங்க.

முதலில் என் நிலவரம். அரசு மருத்துவமனை டாக்டர். வீடு மயிலாப்பூர். மனைவி, ஒரு குழந்தை, கூடவே அம்மா. வீட்டுக் கடன் ஓடிக்கிட்டு இருக்கு. வருஷத்துக்குச் சுமார் 10,000 கிமீ ஓட்டம். அதில் முக்கால்வாசி மயிலாப்பூர், தி.நகர், அடையாறுக்குள்ளேயே.

அதோடு எனக்குக் கார் பைத்தியமும் உண்டு. 2005-ல் நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா 1-ல் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அதே வருஷம்தான் மாருதி ஸ்விஃப்ட்டும் இந்தியாவுக்கு வந்தது. அப்போ நான் ஸ்கூல் பையன். அந்த வயசில் பிடித்த பைத்தியத்துக்கு இன்னும் மருந்து கிடைக்கலை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

"ஸ்போர்ட்டி"ன்னு சொன்னதும் நமக்குத் தோன்றுவது குதிரைத்திறன். 82-ஐவிட 120 நல்லது, 120-ஐவிட 150 நல்லது. ஷோரூமிலும் இதைத்தான் முதலில் சொல்வாங்க.

அந்த 120-ஐ நாம் எங்கே பயன்படுத்தப் போறோம்?

சென்னை போக்குவரத்துக் காவல்துறை 2023 நவம்பரில் கொண்டுவந்த வேக வரம்பு: கார்களுக்கு 60 கிமீ. குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிக்கும் 30 கிமீ. அது சட்டம். நடைமுறையில் மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடித்து வைத்திருக்கும் மந்தைவெளிப் பக்கமோ, சாயங்கால பனகல் பார்க்கோ, அந்த 30-ஐத் தொட்டாலே சந்தோஷம்தான்.

இந்த ஊரில் ஒரு வண்டி சுறுசுறுப்பாகத் தெரிய வேண்டிய வேகம் 0-லிருந்து 50. சிக்னல் விழுந்ததும் சட்டென்று நகரணும். சந்தில் லேசாகத் திரும்பணும். பிரேக் மிதித்தால் நச்சென்று நிற்கணும். இதுக்கெல்லாம் குதிரைகளைவிட முக்கியமானது ஒண்ணு உண்டு. எடை.

நோயாளிகளிடம் தினமும் சொல்கிற அதே அட்வைஸ்தான். எடையைக் குறைங்க.

ஏன்? நிற்கிற காரை 40 கிமீ வேகத்துக்குக் கொண்டுபோக ஒரு ஆற்றல் தேவை. அது பெட்ரோலிலிருந்து வருது. அடுத்த சிக்னலில் பிரேக் மிதித்தால் அவ்வளவும் சூடாகி வீணாகிப் போகுது. மறுபடி பச்சை, மறுபடி பெட்ரோல். அந்த ஆற்றல் வண்டியின் எடையோடு நேர் விகிதத்தில் ஏறும். லஸ் கார்னரிலிருந்து அடையாறு டிப்போ போறதுக்குள் இருபது தடவை நின்று கிளம்பினால், கனமான வண்டி இருபது தடவை கூடுதலாகக் குடிக்கும்.

வண்டியைத் துள்ள வைப்பது எதுவோ அதுவே பெட்ரோலையும் மிச்சம் பிடிக்குது. ஊருக்குள் ஸ்போர்ட்டியும் மைலேஜும் எதிரிகள் இல்லை. ரெண்டுக்கும் பொது எதிரி எடை. இந்த இழையில் இந்த ஒண்ணை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டாலும் போதும்.

அடுத்து, விளம்பரத்தில் வரும் மைலேஜ் எண்.

நெஞ்சுவலிக்காரருக்கு நாங்கள் டிரெட்மில் டெஸ்ட் எடுப்போம் இல்லையா? காருக்கும் அதேதான். வண்டியை ரோலர் மேல் நிறுத்தி, ஏசியை அணைத்துவிட்டு, வரையறுத்த கணக்கில் 1,180 விநாடி ஓட்டுவாங்க. 20 நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவு. உச்ச வேகம் 90, சராசரி 30-க்குச் சற்று மேல்.

மே மாச உச்சி வெயிலில், உஸ்மான் ரோட்டில், ஏசி போடாமல் ஓட்டுபவர் யாராவது இருக்கீங்களா?

ஆக அந்த எண் பொய் இல்லை, ஆனால் அது லேப் ரிப்போர்ட். ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிட மட்டும் வைத்துக்கோங்க. உங்கள் பர்ஸுக்கு அதை நம்பிக் கணக்குப் போடாதீங்க. ஏசியோடு நின்றபடி இருந்தாலே சின்ன பெட்ரோல் கார் மணிக்கு முக்காலிலிருந்து ஒரு லிட்டர் வரை குடிக்கும். அப்போ மைலேஜ் பூஜ்யம்!

இப்போ பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதையும் சேர்த்துக்கோங்க. லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு.

சரி, மனைவி முன்னால் பேப்பரில் போட்ட கணக்கை இங்கேயும் போடுறேன். வருஷம் 10,000 கிமீ. பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

ஊருக்குள் 12 கொடுக்கும் டர்போ கார்: 833 லிட்டர், சுமார் 83,300 ரூபாய்.
16 கொடுக்கும் லேசான சாதா பெட்ரோல் கார்: 625 லிட்டர், 62,500 ரூபாய்.
22 கொடுக்கும் ஹைபிரிட்: 455 லிட்டர், 45,500 ரூபாய்.

ஒண்ணு கவனிச்சீங்களா? 12-லிருந்து 16-க்குப் போனால் வித்தியாசம் 4 தான், ஆனால் மிச்சம் 208 லிட்டர். 16-லிருந்து 22-க்குப் போனால் வித்தியாசம் 6, மிச்சமோ 170 லிட்டர்தான். மைலேஜ் எண் மேலே போகப் போக, மிச்சமாகும் பணம் குறையும். அதனால்தான் ஐரோப்பாவில் 100 கிமீக்கு எத்தனை லிட்டர் என்று தலைகீழாகக் கணக்குப் போடறாங்க. நீங்களும் அப்படியே போட்டுப் பாருங்க.

இப்போ வண்டிகளைப் பார்ப்போம்.

என் மனசு முதலில் போனது டர்போ ஹேட்ச்பேக் பக்கம். நம்ம இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் ஐ20 என் லைன், 1 லிட்டர் எஞ்சினிலேயே 120 பிஎஸ் தரும். டாடா அல்ட்ராஸ் ரேசரும் 2024-ல் அதே 120 பிஎஸ்ஸோடு வந்தது. டர்போ கெட்டது கிடையாது. காலை லேசாக வைத்தால் சமர்த்துப் பிள்ளை. ஆனால் அழுத்தினால் காற்றை உள்ளே திணிக்கும், அதுக்கு ஈடாகப் பெட்ரோலும் ஊத்தும். அழுத்தாமல் ஓட்டுவதற்கு டர்போ எதுக்கு என்பது என் மனைவியின் கேள்வி. பதில் சொல்லத் தெரியலை.

அடுத்தது ஹோண்டா சிட்டி ஹைபிரிட், 2022-ல் வந்தது. பிரேக் போடும்போது வீணாகும் ஆற்றலைப் பேட்டரியில் பிடித்து வைக்கும். மேலே சொன்ன சிக்னல் வியாதிக்குச் சரியான மருந்து. மோட்டார் 253 என்எம் இழுவை தரும், கிளம்பும்போது அருமை. ஆனால் எக்ஸ் ஷோரூம் விலையே 20 லட்சத்தை ஒட்டி. என் பட்ஜெட் வண்டியைவிட ஆன் ரோடில் 12 லட்சமாவது அதிகம். வருஷம் மிச்சமாவது 17,000. போட்ட காசை எடுக்க 70 வருஷம் ஆகும். என் பேரன் லாபம் பார்ப்பான்.

(வருஷம் 30,000 கிமீ நகரத்துக்குள் ஓட்டுபவர், எப்படியும் பெரிய செடான்தான் வாங்குவேன் என்பவர், இவங்களுக்குக் கணக்கு வேற. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்க.)

தமிழ்நாட்டில் இன்னொரு விஷயம். 2023 நவம்பரிலிருந்து 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான காருக்குச் சாலை வரி 13 சதவீதம். அதைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18. டாப் மாடல் ஆசையில் 10 லட்சக் கோட்டைக் கொஞ்சமா தாண்டினாலும் வரி மட்டும் அரை லட்சம் கூடும். கையெழுத்து போடும் முன் இந்தக் கோட்டைப் பாருங்க.

இனி ஒரு டாக்டராக.

2022-ல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள். இறந்தவர்கள் 17,884 பேர். 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்தான். ஆனால் அடிபட்டவர் உயிரோடு வந்து சேர்ந்தால்தானே நாங்கள் எதுவும் செய்ய முடியும்? நைட் டியூட்டியில் ஸ்ட்ரெச்சர் உள்ளே வரும்போது யாரும் வண்டி எத்தனை பிஎஸ்னு கேட்பதில்லை. பெல்ட் போட்டிருந்தாரா என்றுதான் கேட்போம்.

60-க்கும் 80-க்கும் 20 தானே வித்தியாசம் என்று தோணும். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-ல் அது 60-ல் இருப்பதைப்போல 1.78 மடங்கு. நம்ம விலா எலும்பு அப்படியேதான் இருக்கு.

அதனால் எனக்கு ஒரு நிபந்தனை. லேசான வண்டி வேணும், ஆனால் மோதல் சோதனையில் தேறிய லேசான வண்டியாக இருக்கணும். எடையைக் குறைக்கிறேன்னு எலும்பை உருக்கக் கூடாது இல்லையா?

முந்தைய தலைமுறை ஸ்விஃப்ட் 2022-ல் குளோபல் என்கேப் சோதனையில் 1 ஸ்டார்தான் வாங்கியது. 2024 நவம்பரில் வந்த புது டிசையர் அதே அமைப்பிடம் பெரியவர்கள் பாதுகாப்பில் 5 ஸ்டார், குழந்தைகள் பாதுகாப்பில் 4 ஸ்டார். புது ஸ்விஃப்ட்டும் டிசையரும் அண்ணன் தம்பிதான், ஒரே எஞ்சின். ஆனால் அண்ணன் மார்க்ஷீட்டைக் காட்டித் தம்பிக்குச் சீட் வாங்க முடியாது. நான் மார்க்ஷீட் வைத்திருப்பவரை எடுத்தேன்.

ஆமாம் மக்களே. 20 வருஷ கார் பைத்தியம் வாங்கினது டிசையர். மேனுவல் கியர்.

மச்சான் பார்த்ததும் கேட்டான்: "என்ன மாமா, டாக்ஸி ஓட்டப் போறீங்களா?"

சாவியைக் கொடுத்து ஒரு ரவுண்டு போகச் சொன்னேன். மூணு சிலிண்டர், 82 பிஎஸ், எடையோ ஒரு டன்னுக்கும் குறைவு. காலையில் 6 மணிக்கு, சாந்தோம் ரோடு காலியாக இருக்கும்போது, ரெண்டாவது கியரிலிருந்து மூணாவதுக்கு மாற்றும்போது வரும் அந்த சின்ன சந்தோஷத்துக்கு 150 குதிரை தேவையில்லை. திரும்பி வந்தவன் டாக்ஸி என்கிற வார்த்தையை எடுக்கலை. எனக்கு ஊருக்குள் இதுவரை 16-ஐ ஒட்டித்தான் வருது. விளம்பரத்தில் இருக்கும் 24.79 வராது, வராதுன்னு தெரிஞ்சேதான் வாங்கினேன்.

நீங்களும் இதையேதான் வாங்கணும் என்று சொல்லலை. உங்கள் வண்டியைத் தேர்ந்தெடுக்க இந்த நாலு விஷயம்:

1. டெஸ்ட் டிரைவை ஞாயிறு காலை எடுக்காதீங்க. வார நாள் சாயங்காலம் 6 மணிக்கு, நீங்கள் தினமும் போகும் ரோட்டில், ஏசி போட்டு, வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பாருங்க.

2. கிளம்பும்போது டிரிப் மீட்டரை பூஜ்யமாக்குங்க. திரும்பும்போது அது காட்டும் எண்ணைக் குறித்துக்கோங்க. ரெண்டு மூணு வண்டியை ஒரே ரோட்டில், ஒரே நேரத்தில் ஒப்பிட்டால் போதும்.

3. பிரவுச்சரில் பிஎஸ் பார்க்கும்போது பக்கத்தில் எடையையும் பாருங்க. ஒரு டன்னுக்கு எத்தனை பிஎஸ் என்று வகுத்துப் பாருங்க. 150-ஐப் பார்த்து மயங்கும் மனசு கொஞ்சம் தெளியும்.

4. ஸ்டார் ரேட்டிங் எந்த மாடலுக்கு, எந்த வருஷம் கொடுத்தது என்று கேளுங்க. "அதெல்லாம் ஸ்ட்ராங் பாடி சார்" என்பது பதில் இல்லை.

வாங்கியாச்சா? மாசம் ரெண்டு தடவை டயரில் காற்று பாருங்க. தூரத்தில் சிவப்பு தெரிந்ததுமே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்க. ஈசிஆரில் 100-ல் போவதை 80-க்குக் குறைத்தால் காற்றின் எதிர்ப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். காசு செலவில்லாத மைலேஜ் இது.

வேகம் வேணும்னா அதுக்கும் இடம் இருக்கு. இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ரேஸ் டிராக். ரேஸ் நடக்கும் நாளில் பசங்களைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. ஹெல்மெட், தடுப்புச் சுவர், ஆம்புலன்ஸ் எல்லாம் தயாராக வைத்துக்கொண்டுதான் அங்கே வேகம் போறாங்க என்பதையும் சேர்த்துக் காட்டுங்க.

கடைசியாக ஒண்ணு. புது வண்டி வீட்டுக்கு வந்த அன்றே, பின்சீட்டில் உட்காரும் அம்மா அப்பாவுக்கும் பெல்ட் போடக் கற்றுக்கொடுங்க. எங்கம்மா ரெண்டு நாள் முறைச்சாங்க. மூணாவது நாள் அவங்களே மாட்டிக்கிட்டாங்க.

சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க. டியூட்டி முடிந்ததும் பதில் சொல்றேன்.