கஃபீலின் கூரையின் கீழ்

ஆந்திரத்தின் சந்திரகிரிக்கு வடக்கே பீலேர், ராயச்சோட்டி, கடப்பை எனத் தொடரும் வானம் பார்த்த பூமியிலிருந்து குவைத்துக்குச் செல்வோரில் வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் கணிசமானோர்; அவர்களின் அங்கத்திய வாழ்வை முடிவு செய்வது சம்பளத்தைவிட ‘கஃபாலா’ என்னும் முறைதான். தொழிலாளியின் வதிவுரிமையை ‘கஃபீல்’ எனப்படும் பொறுப்பாளரான முதலாளியோடு பிணைக்கும் இம்முறையில், அவர் இசைவின்றி வீடு மாறுபவர் சட்டப்படி ‘ஓடிப்போனவர்’ ஆகிவிடுகிறார்.

மது விலக்கு, ரமலான் பகலில் பொது இடத்தில் உண்ணத் தடை போன்ற கட்டுப்பாடுகள் பெரும் சுமையல்ல. கட்டுப்பெட்டியான ஊரிலிருந்து போகிறவர்களுக்கு அவை புதிதும் அல்ல. சுமை, வீட்டுக் கதவுக்கு உள்ளே இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் 68ஆம் எண் சட்டம் நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேற்படாத வேலை, வார விடுமுறை ஆகியவற்றை வழங்கினாலும், கடவுச்சீட்டு முதலாளியின் அலமாரியில் பூட்டப்பட்டிருக்கும் வீட்டில் அது எட்டாக்கனிதான். வெளியே வர முடிந்தவர்களுக்கு வெள்ளிக்கிழமை உண்டு. குவைத் நகரின் மாலியா பகுதியில் அன்று தாய்மொழி கேட்கும், ஊருக்குப் பணம் போகும். அந்தத் தினாரில் பிள்ளைகள் படித்ததும் மாடிவீடுகள் எழுந்ததும் மறுக்க முடியாதவை.

குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் கடவுச்சீட்டுடைய பெண்கள் 30 வயது நிறைந்த பின்னரே இவ்வேலைக்குச் செல்லலாம் என்பது இந்திய அரசின் விதி. அதை மீறிச் சுற்றுலா விசாவில் அனுப்புவதாகச் சொல்லும் முகவரிடம் பணம் கட்டாதீர்கள்.