ஒரே கடிகாரம், இரண்டு வானங்கள்

ஒரு நாட்டின் இரு எல்லைகளில் இரண்டு ஊர்கள். இரண்டிலும் கடிகாரம் பிற்பகல் மூன்று மணி காட்டுகிறது. ஓர் ஊரில் உச்சிப்பொழுது. மற்றோர் ஊரிலோ சூரியன் மறையப் போகிறது. இது கற்பனையன்று. டிசம்பர் மாதத்துச் சீனாவில் நாள்தோறும் நிகழ்வது.

மேற்கு எல்லையை ஒட்டிய ஊர் காஷ்கர். பாகிஸ்தானுக்கும் மத்திய ஆசியாவுக்கும் செல்லும் பழைய வணிகப் பாதையில் அமைந்தது. உய்கூர் முஸ்லிம்களின் தொன்மையான நகரம். 1442இல் தோன்றியதாகக் கூறப்படும் ஈத்கா மஸ்ஜித் இங்குதான் உள்ளது. கிழக்குக் கோடியில், அமூர் ஆற்றங்கரையில், மீன்பிடித் தொழிலுக்குப் பெயர் பெற்றது ஃபூயுவான். இவ்விரண்டுக்கும் இடையே நான்காயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவு. சூரியக் கணக்கில் ஏறத்தாழ நான்கு மணி நேர வேறுபாடு.

சீனக் குடியரசுக் காலத்தில் அந்நாட்டை ஐந்து நேர வலயங்களாகப் பிரித்திருந்தனர். 1949க்குப் பின் பெய்ஜிங் நேரம் ஒன்றே நாடு முழுமைக்கும் உரியதாயிற்று. இரயில்களுக்கும் அலுவலகங்களுக்கும் அது வசதி என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், அந்த வசதிக்கான விலையை எல்லைப்புற மக்களே கொடுக்கின்றனர். ஃபூயுவானில் ஜூன் மாதத்தில் அதிகாலை மூன்று மணிக்கே பொழுது புலர்ந்துவிடுகிறது. ஆற்றுக்கு அப்பாலுள்ள ரஷ்யாவின் கபரோவ்ஸ்க் நகரிலோ அவ்வேளையில் மணி ஐந்து. காஷ்கரில் டிசம்பரில் காலை பத்து மணிக்குப் பின்னரே கதிரவன் எழுகிறான். ஜூனில் இரவு பத்து மணி கடந்தும் வெளிச்சம் இருக்கிறது.

ஆகவே காஷ்கர் மக்கள் நெடுங்காலமாக இரு நேரங்களோடு வாழப் பழகினர். இரயிலுக்கும் அரசு அலுவலுக்கும் பெய்ஜிங் நேரம். வீட்டுக்கும் கடைத்தெருவுக்கும் இரண்டு மணி நேரம் பின்தங்கிய உள்ளூர் நேரம். 1986இல் அரசே இந்த உள்ளூர் நேரத்தை ஏற்றுக்கொண்டது. இருப்பினும், "எத்தனை மணிக்கு வருகிறீர்கள்?" என்று கேட்டால், "எந்த நேரப்படி?" என்னும் எதிர்க்கேள்வி பிறந்தது. ஒருவர் சொல்லும் நேரமே அவர் யார் என்பதை உணர்த்திற்று.

மத்ரஸாவில் தொழுகை நேரங்களைப் பயிற்றுவிக்கையில் இவ்விரு ஊர்களையும் மாணவர்களிடம் சொல்வதுண்டு. "அங்கே மூன்று மணிக்கா லுஹர், ஹஜ்ரத்?" என்று வியப்பர். ஆம், மூன்று மணியளவில்தான். அதே மூன்று மணி கடந்த சில நிமிடங்களில், ஃபூயுவானில் ஒரு முஸ்லிம் பயணி இருந்தால் அவருக்கு மஃரிப். சூரியன் உச்சி சாய்ந்தால் லுஹர். நிழல் நீண்டால் அஸ்ர். கதிர் மறைந்தால் மஃரிப். எந்த அரசாணையும் நிழலின் நீளத்தை மாற்றுவதில்லை. இவ்வளவு தொலைவு போவானேன்? நம் கோவைக்கும் சென்னைக்குமே லுஹர் நேரத்தில் ஏறக்குறைய 13 நிமிட வேறுபாடு உண்டு. ஓர் ஊரின் அட்டவணையை மற்றோர் ஊரின் சுவரில் மாட்டலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

எனினும் இது வெறும் கணக்கு அன்று. தம் கைக்கடிகாரத்தை உள்ளூர் நேரத்துக்கு வைத்திருந்ததற்காகவே ஒருவர் பிடித்துச் செல்லப்பட்டார் எனும் வாக்குமூலம், 2018இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு வெளியிட்ட அறிக்கையில் இடம்பெற்றுள்ளது. அதைப் படித்தபோது என் மனம் கனத்தது. நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு நேரம் இருப்பதில் குற்றமில்லை. தன் வீட்டு வாசலில் விழும் வெயிலைப் பார்த்து ஒருவன் மணி சொல்வதும் குற்றமாகலாமா?

நம் நாட்டிலும் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் இந்திய நேரத்துக்கு ஒரு மணி நேரம் முந்திய 'பாகான் நேரம்' வழக்கில் உள்ளது. அங்கே கதிரவன் முன்னதாக உதிப்பதால் தொழிலாளர் முன்னதாக வேலைக்குச் சென்று, பொழுதோடு வீடு திரும்புகின்றனர். நாட்டின் நேரத்துக்கு அதனால் ஒரு குறையும் நேர்ந்துவிடவில்லை.