எழுப்புவாங்கன்னு நம்பி

சிபியு 100 சதவீதம் ஓடுது, வேலை மட்டும் நகரல. விர்ச்சுவல் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு இது பழகிய காட்சி. கெர்னலில் பூட்டைக் கையில் வைத்திருக்கும் விசிபியுவை ஹைப்பர்வைசர் பாதியில் நிறுத்திவிடும். அது தெரியாமல் மற்றவை ‘திறந்தாச்சா, திறந்தாச்சா’ என்று சுற்றிக்கொண்டே இருக்கும்.

2008இல் லினக்ஸுக்கு வந்த டிக்கெட் பூட்டு வரிசையை நியாயமாக்கியது. ஆனால் அடுத்த டிக்கெட்காரர் நிறுத்தப்பட்டிருந்தால் பின்னால் எல்லோருக்கும் முடக்கம்தான்.

2013இல் கேவிஎம்முக்கு வந்த தீர்வு எளிமையானது. கொஞ்ச நேரம் சுற்று, கிடைக்கலையா, தூங்கு. பூட்டைத் திறப்பவர் உன் முறை வந்ததும் எழுப்புவார். நீ விட்டுக்கொடுத்த நேரம் பூட்டு வைத்திருப்பவருக்கே போய்ச் சேரலாம்.

ராத்திரி இரண்டு மணிக்கும் ஃபோனையே பார்த்துக் கிடக்கும் எங்கள் ஆன்-கால் ஆட்களுக்கு இதை யாரும் இன்னும் சொல்லவில்லை.