ஊதா விளக்கு

கவாபாதாவையும் தனிஸாகியையும் பற்றி நண்பர்கள் எழுதும் இடத்தில் இதைச் சொல்ல எங்களுக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஜப்பானில் கழித்த ஐந்தரை ஆண்டுகளில் நோ நாடகத்தை இரண்டு முறை பார்த்தோம். இரண்டு முறையும் உறங்கிவிட்டோம். ஆனால் தோக்கியோவின் நிலவறை அரங்குகளில், அதிகம் பேர் அறியாத பெண்கள் ஆடிப் பாடுவதைப் பார்க்க எத்தனை மாலைகள் சென்றோம் என்பதற்குக் கணக்கில்லை. கணவனும் மனைவியுமாக, நாற்பதை நெருங்கும் வயதில், ஜப்பானிய ஐடல் குழுக்களின் ரசிகர்களானவர்கள் நாங்கள்.

2009இன் இலையுதிர் காலத்தில் அங்கே குடியேறினோம். எங்களில் ஒருவருக்கு அலுவலகம் இருந்தது. மற்றவருக்கு நாள் முழுவதும் நான்கு சுவர்களும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும். ஜப்பானியத் தொலைக்காட்சியில் பாடல் ஒலிக்கும்போது அதன் வரிகளும் திரையின் அடியில் தோன்றும். வகுப்பில் பிடிபடாத ஹிரகானா எழுத்துகள் அங்கேதான் பிடிபட்டன. சகுரா, வகுப்பறை, ரயில் நிலையம், நாளை என்று, ஐடல் பாடல்களின் சொற்கள் தொடக்கநிலை மாணவருக்கென்றே பொறுக்கியெடுத்தவை போலிருந்தன. அந்த டிசம்பர் 31ஆம் நாள் இரவு, ஆண்டிறுதியில் நாடே பார்க்கும் 'கோஹாகு உதா கஸ்ஸென்' இசை நிகழ்ச்சியைப் போர்வைக்குள் அமர்ந்து இறுதிவரை பார்த்தோம். ஒருவர் எழுத்துக் கூட்டி வாசிக்க, மற்றவர் அகராதியைப் புரட்டினார்.

பாடல்கள் உடனே பிடித்துவிட்டன என்று சொல்வதற்கில்லை. சுசீலாவையும் ஜானகியையும் கேட்டு வளர்ந்த செவிகள் எங்களுடையவை. பத்துப் பெண்கள் ஒரே வரியைச் சேர்ந்து பாடுவதும், சுருதி சற்றே விலகுவதும், அதை எவரும் பொருட்படுத்தாததும் எங்களுக்கு வியப்பளித்தன. இவ்வளவு செல்வமும் திறமையும் கொண்ட நாட்டில், நன்றாகப் பாடுபவர்களைத் தேர்ந்தெடுக்க முடியாதா?

விடை மெல்லத்தான் கிடைத்தது. 1997இல் ஒரு தொலைக்காட்சித் தேர்வில் தோற்ற ஐந்து பெண்களுக்கு ஒரு நிபந்தனை விதிக்கப்பட்டது: ஐந்து நாள்களுக்குள் 50,000 குறுந்தட்டுகளைத் தாங்களே விற்றால் மேடை உண்டு. விற்றுக் காட்டினார்கள். 'மோர்னிங் முசுமே' பிறந்தது அப்படித்தான். 2005 டிசம்பர் 8ஆம் நாள் அகிஹபாராவில், ஒரு பல்பொருள் அங்காடிக் கட்டடத்தின் எட்டாவது மாடியில், 250 பேர் கொள்ளும் அரங்கில் ஏ.கே.பி.48 குழு முதன்முதலாக மேடையேறியபோது, சீட்டு வாங்கி வந்த பொதுமக்கள் ஏழே பேர். பாடலாசிரியர் அகிமோதோ யசுஷி அந்தக் குழுவை, நேரில் சென்று சந்திக்கக்கூடிய ஐடல்கள் என்ற எண்ணத்தில்தான் உருவாக்கினார். முழுமையடைந்த கலையை அல்ல, முழுமையடையாத ஒருவர் நம் கண்ணெதிரே வளர்வதைத்தான் அங்கே காண்கிறார்கள். பிடித்தமான ஐடலை 'ஒஷி' என்பார்கள். தள்ளுதல் என்னும் பொருள் தரும் வினையிலிருந்து வந்த சொல் அது. பின்னாலிருந்து முன்னே தள்ளிவிடுவது ரசிகரின் வேலை.

எங்கள் ஒஷி புகழ்பெற்றவள் அல்லள். அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. காரணம் பின்னால் விளங்கும். ஒரு நிலவறை அரங்கில், முப்பது பேருக்கு முன்னால், ஐவர் குழுவில் ஓர் ஓரமாக ஆடியவள். இத்தகைய குழுக்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் உண்டு. அவளுடையது ஊதா. அவள் பாடும்போது ரசிகர்கள் ஊதா நிற விளக்குக்கோலை உயர்த்துவார்கள். முதல் நாள் ஊதா விளக்குகள் மூன்றுதான் எரிந்தன. அந்த எண்ணிக்கைதான் எங்களை அவளிடம் சேர்த்தது என்று நினைக்கிறோம். அடுத்த முறை ஐந்தாயின.

அப்போது நிகழ்ச்சி முடிந்ததும் ஆயிரம் யென் கொடுத்து ஐடலுடன் உடனடிப் புகைப்படம் எடுத்துக்கொள்ள முடிந்தது. அதற்குச் 'செக்கி' என்று பெயர். படத்தின் மீது அவர் கையொப்பமிடும் ஒரு நிமிடம், பேசுவதற்கான நிமிடம். நாங்கள் மனப்பாடம் செய்து சென்ற வாக்கியத்தில் ஒரு வேற்றுமை உருபு பிழையாகிவிட்டது. அவள் சிரிக்காமல், அதே வாக்கியத்தைத் திருத்தமாகத் திருப்பிச் சொன்னாள். மறுமாதம் சென்றபோது, "போன முறை சொன்ன அந்த ஊறுகாய் வந்து சேர்ந்ததா?" என்று கேட்டாள். எங்கள் குடியிருப்பில் மூன்றாண்டுகளாக எவரும் எங்களிடம் எதையும் கேட்டதில்லை. நினைவில் வைத்துக்கொள்வது அவள் தொழில் என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் அன்றிரவு ரயிலில் இருவரும் பேசாமல் வந்தோம்.

2013 ஜனவரியின் இறுதி நாளில்தான் அந்தக் காணொளி வெளிவந்தது. ஏ.கே.பி.48இன் முதல் தலைமுறையைச் சேர்ந்த மினெகிஷி மினாமி, ஓர் ஆணின் வீட்டிலிருந்து வெளியே வந்ததை ஒரு வார இதழ் படம்பிடித்து வெளியிட்டிருந்தது. அதற்காக அவர் தம் தலையை மழித்துக்கொண்டு, கண்ணீருடன் மன்னிப்புக் கேட்டார். அப்போது அவருக்கு வயது 20. குழுவில் பயிற்சியாளர் நிலைக்கு இறக்கப்பட்டார். அந்த முகத்தை நாங்கள் இறுதிவரை பார்க்க முடியவில்லை. அவர் யாரிடம் மன்னிப்புக் கேட்டார்? நிறுவனத்திடம் மட்டுமா? இல்லை, விளக்குக்கோல் பிடித்த அத்தனை பேரிடமும். எங்களிடமும்தான்.

நாங்கள் எவரையும் காதலிக்காதே என்று சொன்னவர்கள் அல்லர். ஆனால் ஆயிரம் யென் கொடுத்து வாங்கிய அந்த ஒரு நிமிடத்தின் விலையில், அவள் வேறெவருக்கும் உரியவள் அல்லள் என்ற பொய்யின் விலையும் சேர்ந்திருந்தது. நாங்கள் ஊர் திரும்பிய பின், 2015 செப்டம்பரில், தோக்கியோ மாவட்ட நீதிமன்றம் காதல் தடையை மீறிய 17 வயதுப் பெண்ணொருத்தியை சுமார் 6,50,000 யென் இழப்பீடு தரச் சொன்னது. நான்கே மாதங்களில் அதே நீதிமன்றம், வேறொரு வழக்கில், ஒருவரோடு பழகுவது வாழ்வை நிறைவாக்கிக்கொள்ளும் உரிமை என்று கூறி இழப்பீட்டுக் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. சட்டமே இப்படி இரண்டாகப் பேசியபோது, எங்கள் மனமும் இரண்டாகப் பேசியதில் வியப்பில்லை. காணொளி வந்தபின் இரண்டு மாதங்கள் நிலவறைப் பக்கமே போகாமலிருந்தோம். பிறகு போனோம். இல்லாவிட்டால் ஊதா விளக்குகள் இரண்டு குறையும் என்று ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொண்டோம். அது எவ்வளவு தூரம் உண்மை என்று இன்றும் ஆராயவில்லை.

2014 மார்ச்சில் அவள் 'சொத்ஸுக்யோ' பெற்றாள். பள்ளிப் படிப்பை முடித்து வெளியேறுவதைக் குறிக்கும் சொல் அது; ஐடல் குழுவை விட்டு விலகுவதையும் அப்படித்தான் சொல்கிறார்கள். அடுத்து என்ன செய்யப் போகிறாள் என்று அவள் சொல்லவில்லை. எவரும் கேட்கவில்லை. அங்கிருந்த அனைவரும், மற்ற நால்வரின் ரசிகர்கள் உட்பட, கடைசிப் பாடலுக்கு ஊதா விளக்கையே ஏற்றினார்கள்.

1980 அக்டோபர் 5ஆம் நாள் தோக்கியோவின் நிப்போன் புதோகான் அரங்கில், தம் இறுதி இசை நிகழ்ச்சியின் முடிவில், யமகுச்சி மொமொஎ ஒலிவாங்கியை மேடையின் மீது வைத்துவிட்டு இறங்கிச் சென்றார். வயது 21. திருமணத்துக்காக விலகிய அவர் அதன்பின் மேடைக்குத் திரும்பவேயில்லை. தொடங்கும்போதே முடிவு எழுதப்பட்ட கலை இது. முடிந்தபின் தேடிச் செல்லாமலிருப்பதும் ரசிகரின் கடமைதான் என்பதை நாங்கள் அவளிடம் கற்றோம். ஆகவேதான் பெயரைச் சொல்லவில்லை.

21 வயதில் உசாமி ரின் அகுதகாவா பரிசு பெற்ற நாவலை 2021இல் அறிந்தபோது, ஒஷியின் வீழ்ச்சியோடு தானும் நொறுங்கிப் போகும் அதன் நாயகியில் எங்களைக் கொஞ்சம் கண்டோம். அவளுக்குப் பதினாறு வயது. எங்களுக்கு அந்தச் சாக்கும் இல்லை.

கடைசி நாள் வரிசையில் நின்று, பிழையில்லாமல் ஒரு சொல் சொன்னோம்: 'ஒத்ஸுகரேசமா'. வேலை முடிந்து கிளம்புபவரிடம், உங்கள் களைப்பை நாங்கள் அறிவோம் என்ற பொருளில் சொல்வது. அவள் இம்முறை எதையும் திருத்தவில்லை. குனிந்து வணங்கிவிட்டு, அடுத்து நின்றவரிடம் திரும்பினாள்.