மழைக்கு ஒரு வரிசை எண்

சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். தோட்டம் என்று ஒன்று வந்துவிட்டால் கூடவே நோட்டும் வந்துவிடும். ஏற்காட்டில் எங்கள் வீட்டில் மூன்று நோட்டு உண்டு: ஆள் கணக்கு, மருந்துக் கணக்கு, மழைக் கணக்கு. நான்காவதாக நான் சேர்த்தது டாஸ்க்வாரியர். கருப்புத் திரையில் கட்டளை தட்டி வேலைப் பட்டியல் வைத்துக்கொள்ளும் மென்பொருள்.

போனில் இருக்கும் செயலிகள் கணக்குத் தொடங்கு, பாஸ்வேர்டு கொடு என்று ஆரம்பிக்கும். மலையில் காற்றடித்தால் முதலில் போவது கரண்ட், அடுத்து சிக்னல். டாஸ்க்வாரியருக்கு அந்தக் கவலை இல்லை. பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு, ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் டாஸ்க்வாரியர்’ என்று ஒரு வரி. முதல் தடவை ‘டாஸ்க்’ என்று தட்டினால், அமைப்புக் கோப்பு இல்லையே, உருவாக்கட்டுமா என்று கேட்கும். ‘யெஸ்’ சொன்னால் போதும். ‘ஆட்’ போட்டால் வேலை சேரும், ‘டன்’ போட்டால் முடியும்.

தமிழில் எழுதலாம். ஆனால் என் டெர்மினலில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பிரிந்து நிற்கும், வலப்பக்கத்து எண்களெல்லாம் சரிந்துவிடும். அதனால் ‘பூ மழை’யைத் தங்கிலீஷில்தான் வைத்திருக்கிறேன்.

பூ மழை என்பது மார்ச், ஏப்ரலில் வரவேண்டிய முதல் மழை. அது நனைத்துப் பத்து நாள் வாக்கில் காபி பூக்கும். பூ முடிந்தபின் உரம், அதற்குப்பின் நிழல் கழிப்பது என்று வேலைகள் அதன் பின்னால் வரிசை கட்டி நிற்கும். இதற்குப் போய்க் காலண்டரில் தேதி குறிப்பது வீண். தேதி கரண்ட் பில்லுக்குச் சரி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தானே தலைகாட்டும்படி வைத்துவிடலாம். தோட்டத்துக்கு உதவுவது ‘டிபெண்ட்ஸ்’ என்ற சொல். ‘டாஸ்க் 9 மாடிஃபை டிபெண்ட்ஸ்:4’ என்றால், நாலாவது முடியும்வரை ஒன்பதாவது மறிக்கப்பட்டதாகவே நிற்கும். ஒன்பது உரம். நாலு, பூ மழை.

அவசரத்தை டாஸ்க்வாரியர் எண்ணாகக் கணக்கிடும். பிற வேலைகளை மறித்து நிற்கும் வேலைக்கு 8 கூடும், மறிக்கப்பட்ட வேலைக்கு 5 குறையும். ஆகவே மார்ச் முழுக்கப் பட்டியலின் உச்சியில் மழை. மேஸ்திரி ஒருநாள் திரையை எட்டிப் பார்த்தார்.

“மழைய யார் பேருக்கு எழுதியிருக்கீங்க, தம்பி?”

சிரிப்பு வந்தது. ஆனாலும் அது அங்கே இருப்பதுதான் சரி. இந்த வாரம் உரத்துக்கு ஆள் சொல்லாதே என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. ‘டாஸ்க் ரெடி’ என்று கேட்டால் மறிக்கப்படாதவை மட்டும் வரும்: உச்சியில் மழை, அதன்கீழே இன்றைக்குத் தொடங்கக்கூடிய காட்டெருமை சாய்த்த வேலி, பல்பர் பெல்ட், மிளகு காயப்போடுவது.

மழை வந்தாலும் உடனே ‘டன்’ போட்டுவிட முடியாது. தூறல் காபிக்குக் கெடுதல். மொட்டு அரைகுறையாக விரிந்து வீணாகும். மழைமானியில் ஒரு அங்குலமாவது தேறவேண்டும். அதைப் பார்த்தபின் ‘டாஸ்க் 4 டன்’. மறு வரியிலேயே, இன்னின்ன வேலைகளுக்குத் தடை நீங்கிற்று என்று அறிவிக்கும். கவனிக்க வேண்டிய ஒன்று, முடிந்த வேலைகள் கழிய எண்கள் மாறிவிடும். நேற்றைய ஒன்பது இன்றைக்கு எட்டாக இருக்கலாம். மனப்பாடம் உதவாது.

2024இல் வந்த மூன்றாம் பதிப்பு, தகவலைச் சேமிக்கும் முறையையே மாற்றிவிட்டது. பழைய பதிப்பிலிருந்து ஏறுபவர்கள் முதலில் ‘டாஸ்க் எக்ஸ்போர்ட்’ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. என் பிரதி ஒரு பென் டிரைவில் சேலத்தில் இருக்கிறது. மழை நோட்டு மட்டும் இன்னும் பேனாவில்தான் ஓடுகிறது. டாஸ்க்வாரியரில் மழை வந்த தேதிதான் இருக்கும். எத்தனை அங்குலம் என்பது நோட்டில்தான்.