நாங்கள் கருஞ்சீரகத்தால் மெலியவில்லை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். மாங்கேணியிலும் ஓட்டமாவடியிலும் எங்களைத் தெரிந்தவர்களிடம் நாங்கள் சொன்ன ஒரு பொய்யைத் திருத்த வேண்டியிருக்கிறது.

ஒன்றரை வருடமாகப் பள்ளிவாசலிலும் பஸ்ஸிலும் பாடசாலை வாசலிலும் ஒரே கேள்விதான். "ஸேர், என்ன இப்புடி மெலிஞ்சி போயிட்டீங்க? என்ன செஞ்சீங்க?" எங்கள் பதிலும் ஒன்றுதான். "காலையில நடை, வெறும் வயித்துல கருஞ்சீரகம், ராவைக்குச் சோறு இல்ல." வீட்டுக்கு வந்து கேட்ட பெண்களுக்கும் இதே பதில்தான் போனது.

உண்மை வேறு. 2023 ஜனவரியில் கொழும்பில் ஓர் அரச வைத்தியசாலையில் உடற்பருமனைக் குறைக்கும் சத்திரசிகிச்சை செய்துகொண்டோம். ஊருக்குச் சொன்னது பித்தப்பைக் கல் ஒப்பரேஷன் என்று. 'செய்துகொண்டோம்' என்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. கத்தி பட்டது ஸேருடைய வயிற்றில்தான். பத்தியம் பிடித்தது, பயந்தது, பொய் சொன்னது எல்லாம் கணவனும் மனைவியும் சேர்ந்துதான்.

அதற்கு முந்திய நிலைமை பலருக்குத் தெரியும். 170 சென்ரிமீற்றர் உயரத்துக்கு 131 கிலோ. மாங்கேணி பஸ்ஸில் பக்கத்தில் இருக்க ஆட்கள் தயங்குவார்கள். ஆசிரியர் ஓய்வறையில் பிளாஸ்ரிக் கதிரை ஒன்று உடைந்த நாளிலிருந்து மரக்கதிரை தேடித்தான் உட்காருவது. நீரிழிவுக்குக் காலையும் மாலையும் இன்சுலின். இரவில் குறட்டை திடீரென்று நின்று மூச்சும் நிற்கும். பக்கத்தில் படுத்திருப்பவர் தட்டி எழுப்ப வேண்டும். எல்லாவற்றையும் விட மனதை உடைத்தது ஸுஜூது. 39 வயதில் கதிரையில் இருந்து தொழ வேண்டி வந்தது.

முயற்சி செய்யாமல் இல்லை. சோற்றை நிறுத்தினோம், குரக்கன் பிட்டுக்கு மாறினோம், கடற்கரையில் நடந்தோம். 10 கிலோ குறையும், ஆறு மாதத்தில் 12 கிலோ கூடும். "வாயைக் கட்டத் தெரியாத மனுஷன்" என்று ஊர் சொன்னது. நாங்களும் அப்படித்தான் நம்பினோம்.

கிளினிக்கில் ஒரு டொக்டர்தான் அதை வேறு மாதிரி விளக்கினார். இரைப்பையின் மேல்பகுதியில் கிரெலின் என்றொரு ஹோர்மோன் அதிகமாகச் சுரக்கிறது. பசியைத் தூண்டுவது அதுதான். 1999 இல் ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். உடம்பு மெலிய மெலிய அது கூடுதலாகச் சுரந்து, இழந்த எடையைத் திரும்பக் கேட்கும். உங்கள் ஈமானில் குறையில்லை, உடம்பின் பழக்கம் அது என்றார். பத்து வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் எங்களைக் குற்றவாளியாகப் பார்க்காமல் பேசினார். ரயிலில் திரும்பும்போது இரண்டு பேரும் அழுதோம்.

பீ.எம்.ஐ என்ற உடற்திணிவுச் சுட்டி எங்களுக்கு 45. உயரத்தை மீற்றரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, வரும் தொகையால் கிலோவைப் பிரித்தால் கிடைக்கும் எண் அது. 35ஐத் தாண்டியவர்களுக்குச் சத்திரசிகிச்சையைப் பரிந்துரைக்கலாம் என்பது 2022 இல் வந்த சர்வதேச வழிகாட்டல். எங்களைப் போன்ற ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவும் இதய நோயும் வருவதால், 25 ஐத் தாண்டினாலே உடற்பருமன் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள்.

மார்க்க விஷயத்தையும் கேட்டோம். அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதாகுமா என்ற பயம் இருந்தது. மௌலவி சொன்னார், அழகுக்காகச் செய்வது வேறு, நோய்க்கு மருத்துவம் செய்வது வேறு, நம்பகமான வைத்தியர் தேவை என்று சொன்னால் அது மருத்துவம்தான் என்று. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற ஹதீஸை வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்தவர்கள் நாங்கள். சொல்லிக் கொடுத்தபடி வாழ முடியாமல் போன வெட்கம் எங்களுக்குத்தான் தெரியும்.

2022 இல் முறை வர வேண்டியது. அந்த வருடம் நாடு இருந்த நிலை தெரியும்தானே. எண்ணெய் வரிசை, மருந்துத் தட்டுப்பாடு. அவசரமில்லாத சத்திரசிகிச்சைகளைப் பல வைத்தியசாலைகள் தள்ளிப்போட்டன. எங்களுடையதும் தள்ளிப்போய் ஜனவரியில்தான் கிடைத்தது.

ஒப்பரேஷனுக்கு முதல் இரண்டு கிழமை கலோரி குறைந்த திரவ உணவு. கொழுப்பு ஏறி வீங்கிய ஈரல் சுருங்கினால்தான் கெமராவை உள்ளே விட்டு வேலை செய்ய இடம் கிடைக்குமாம். வயிற்றில் ஐந்து சின்னத் துளைகள். இரைப்பையில் ஏறக்குறைய 80 வீதத்தை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது ஒரு வாழைப்பழம் அளவு. வெட்டியது திரும்ப வளராது, திரும்ப ஒட்டவும் முடியாது. கையெழுத்து வைக்கும்போது கை நடுங்கியது. தையல் கசியலாம், இரத்தக்கட்டி வரலாம், அரிதாக மவுத்தும் நடக்கலாம் என்று எல்லாவற்றையும் டொக்டர் மறைக்காமல் சொன்னார்.

அன்று மாலையே எழுப்பி நடக்க வைத்தார்கள், காலில் இரத்தம் உறையாமல் இருக்க. அடுத்த நாள் 30 மில்லிலீற்றர் கோப்பையில் தண்ணீர். அதைக் குடிக்கக் கால் மணித்தியாலம். பிறகு இரண்டு கிழமை திரவம், அதன் பிறகு கூழாக மசித்த உணவு. மாங்கேணிக் களப்பில் பிடித்த மீனை முள்ளெடுத்து, அவித்து, மசித்து, மூன்று தேக்கரண்டி. மூன்றாவது கரண்டியில் நெஞ்சு நிறைந்துவிடும். நாலாவதைத் திணித்த அன்று பட்ட பாடு போதும். பாடசாலையில் எங்களோடு படிப்பிக்கும் தமிழ் ஆசிரியை ஒருவர் 'கல் ஒப்பரேஷன்' என்று நம்பி, தினமும் போத்தலில் பருப்புத் தண்ணீர் கொண்டு வந்தார். அவரிடமும் பொய்தான் சொன்னோம்.

இரண்டு மாதத்தில் நோன்பு வந்தது. நோற்கக்கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கக் குடிக்காவிட்டால் உடம்பில் நீர் வற்றிவிடும். காரணத்தைச் சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மறைத்ததால், பகலில் கதவைச் சாத்திக்கொண்டு எங்கள் பிள்ளைகளுக்கும் தெரியாமல் தண்ணீர் குடிக்க வேண்டி வந்தது. பொய் எங்களுக்குத் தந்த முதல் தண்டனை அது.

நாலாம் மாதம் தலைமயிர் கொட்டியது. எடை வேகமாகக் குறையும்போது அப்படி நடக்கும், பிறகு வளரும் என்றார்கள், வளர்ந்தது. ஒரு கல்யாண வீட்டில் ஆறு பேர் சஹனில் இருந்தோம். மற்றக் கைகள் எல்லாம் புரியாணிக்குள் போக, எங்கள் கை ஒரு இறைச்சித் துண்டோடு விளையாடிக்கொண்டிருந்தது. "என்ன, சாப்பாடு பிடிக்கல்லையா?" என்று கேட்ட மாப்பிள்ளையின் வாப்பாவுக்கு என்ன சொல்வது?

அல்ஹம்துலில்லாஹ், பலனும் கிடைத்தது. ஒரு வருடத்தில் 94 கிலோ. இன்சுலின் நின்றது, ஒரு வகை மாத்திரை மட்டும் மிச்சம். மூச்சு நிற்பதில்லை. முதல் தடவையாக நிலத்தில் நெற்றி வைத்த பஜ்ரை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவு வந்திருக்காது.

எங்கள் பக்கத்து வளவில் ஒரு மாமி. அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறோம். நீரிழிவுக்காரர். எங்கள் மெலிவைப் பார்த்தார், பதிலைக் கேட்டார், நம்பினார். ஸேரும் டீச்சரும் சொன்னால் பொய்யாக இருக்காது என்று கிளினிக் மாத்திரைகளை நிறுத்திவிட்டுக் கருஞ்சீரகமும் நடையும் என்று தொடங்கினார். வெறும் செருப்போடு நடந்ததில் காலில் ஒரு கொப்புளம். உணர்ச்சி குறைந்த கால் என்பதால் நோவு தெரியவில்லை. சீனி ஏறி, புண் பழுத்து, மூன்று மாதத்துக்கு முன் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

பார்க்கப் போனோம். "நீங்க சொன்ன மாதிரித்தான் மகன் செஞ்சன். எனக்குத்தான் நஸீப் இல்ல" என்றார். எங்கள் மீது ஒரு சொல் கோபம் இல்லை. வீட்டுக்கு வந்தும் அன்றிரவு ஒரு கவளம் இறங்கவில்லை. அதற்குச் சின்ன வயிறு காரணமில்லை. அடுத்த நாள் போய் உண்மையைச் சொன்னோம். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இத மத்தவங்களுக்கும் சொல்லுங்க" என்றார். அவருடைய கட்டளைதான் இந்தப் பதிவு.

ஏன் மறைத்தோம்? "வெட்டி மெலிஞ்சவன்" என்று சொல்வார்களே என்ற வெட்கம். இந்தியாவின் நிதியமைச்சராக இருந்த அருண் ஜெட்லி 2014 இல், பதவியில் இருக்கும்போதே, நீரிழிவுக்காக ஊரறிய உடற்பருமனைக் குறைக்கும் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். எங்களுக்கோ ஒரு தெருவுக்குச் சொல்லத் தைரியம் வரவில்லை. இன்னொன்று, பித்தப்பைக் கல் என்று பொய் சொன்னோமா? வேகமாக மெலிபவர்களுக்கு உண்மையாகவே அந்தக் கல் வரும் வாய்ப்பு அதிகம் என்று பிறகு டொக்டர் சொன்னார். அதற்கு ஆறு மாதம் குளிசை போட்டோம்.

ஆகவே, தெரிந்தவர்களே:

கருஞ்சீரகத்தைக் குறை சொல்லவில்லை. நாங்களும் சாப்பிடுகிறோம். ஆனால் எங்களை மெலிய வைத்தது அதுவல்ல. யாருடைய பேச்சைக் கேட்டும், எங்கள் பேச்சு உட்பட, கிளினிக் மருந்தை நிறுத்தாதீர்கள். நீரிழிவு உள்ளவர்கள் தினமும் இரவில் பாதத்தைப் பாருங்கள்.

இந்த ஒப்பரேஷன் எல்லோருக்கும் உரியதல்ல, லேசான வழியும் அல்ல. விற்றமின், இரும்பு, கல்சியம், பீ12 எல்லாம் ஆயுளுக்கும் எடுக்க வேண்டும், இரத்தப் பரிசோதனையும் தொடர வேண்டும். கெப்சியூலில் ஜெலற்றின் பற்றிச் சந்தேகம் இருந்தால் பார்மஸியில் கேட்டு மாத்திரையாக எடுங்கள். வாய் கவனம் தவறினால் எடை திரும்பி வரும். கடந்த மூன்று மாதத்தில் எங்களுக்கு 2 கிலோ கூடியிருக்கிறது. அதையும் மறைக்கவில்லை.

பருமனான ஒருவரைக் கண்டால் "கொஞ்சம் வாயைக் கட்டுங்க" என்று சொல்லாதீர்கள். அவர் எத்தனை தடவை கட்டினார் என்பது உங்களுக்குத் தெரியாது.

பருப்புத் தண்ணீர் தந்த டீச்சரிடம் நேற்று ஓய்வறையில் உண்மையைச் சொன்னோம். "கல்லோ இரைப்பையோ, பருப்புத் தண்ணி ரெண்டுக்கும் நல்லதுதானே ஸேர்" என்று சிரித்தார்.

மாமியின் புண் ஆறி வருகிறது. கிளினிக்குக்கு மாதம் ஒரு தடவை நாங்கள்தான் கூட்டிப் போகிறோம். அவருக்காக துஆ செய்யுங்கள். எங்கள் பொய்யை நம்பி வேறு யாராவது மருந்தை நிறுத்தியிருந்தால், தயவுசெய்து நாளைக்கே கிளினிக்குக்குப் போங்கள். வெட்கமாக இருந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள், கூட வருகிறோம். எங்களை மன்னித்துக்கொள்ளுங்கள்.