கன அங்குல தேசம்

டெட்ராய்ட்



ஆகஸ்ட் மாதம் மூன்றாவது சனிக்கிழமை வந்துவிட்டால், அவசர வேலை உள்ள எவரும் உட்வர்டு அவென்யூ பக்கம் தலைவைக்க மாட்டார்கள். டெட்ராய்ட்டிலிருந்து போன்டியாக் ஊர்வரை போகிற இந்தச் சாலையில் 1995 முதல் பழைய கார்களின் ஊர்வலம் நடக்கிறது. அறுபதுகளில் இங்கே சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் விட்ட பையன்கள் இப்போது தாத்தாக்கள். பானெட்டைத் திறந்துவைத்து, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அவர்களிடம் எத்தனை குதிரைத்திறன் என்று கேட்டுப் பாருங்கள். பதில் கன அங்குலத்தில்தான் வரும்: "முன்னூற்று எண்பத்தொன்பது", "நானூற்று இருபத்தாறு". எஞ்சினின் கொள்ளளவு இவர்களுக்குக் காரின் இனிஷியல் மாதிரி.

நம் ஊரில் பெட்ரோல் கார் 1200 சி.சி.யைத் தாண்டினால் வரி ஏறிவிடும். ஜப்பானிலும் ஐரோப்பாவின் சில நாடுகளிலும் கொள்ளளவைப் பார்த்து வரி போடுகிற வழக்கம் உண்டு. அதனால் அங்குள்ள பொறியாளர்கள் சின்ன எஞ்சினுக்குள் நிறைய வால்வுகளையும் நிறைய சுழற்சியையும் திணித்தார்கள். அமெரிக்க அரசு சி.சி.யை எண்ணவில்லை, பெட்ரோலும் மலிவு. வலு வேண்டுமென்றால் சிலிண்டரைப் பெரிதாக்கு, அதுதான் குறைந்த செலவு. எவன் எதை எண்ணினான் என்பதை வைத்தே மசில் கார் என்கிற, பெரிய எஞ்சின் வைத்த இந்த அமெரிக்க ரகத்தின் கதையைச் சொல்லிவிடலாம் என்பது என் கட்சி.

ஜெனரல் மோட்டார்ஸின் போன்டியாக் பிரிவு செய்த 1964 ஜிடிஓவை எடுத்துக்கொள்ளுங்கள். நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்பது ஜெனரல் மோட்டார்ஸ் நிர்வாகத்தின் உத்தரவு. போன்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனின் குழு கவனித்த விஷயம் வேறு. அவர்களுடைய 326 எஞ்சினும், பெரிய கார்களுக்கான 389-உம் வெளி அளவில் ஒன்றேதான். மாற்றி வைப்பதில் சிரமமே இல்லை. புது மாடல் என்று அறிவித்தால் மேலிடம் தடுக்கும். எனவே லெமான்ஸ் காரின் ஆப்ஷன் பட்டியலில் ஜிடிஓ என்ற பெயரில் அதைச் சத்தமில்லாமல் சேர்த்துவிட்டார்கள். உத்தரவு மாடலுக்குத்தானே, ஆப்ஷனுக்கு இல்லையே! முதல் ஆண்டிலேயே 32,450 கார்கள் விற்றன. அதன்பின் எந்த மேலிடம் தடுக்கும்?

எண்ணிக்கை வேறு திசையிலிருந்து வந்தபோது இதே அமெரிக்கர்கள் வேறு மாதிரி எஞ்சின் செய்தார்கள். டிரான்ஸ்-ஆம் பந்தயத்தில் உச்சவரம்பு 305 கன அங்குலம், அதாவது 5 லிட்டர். செவர்லே தன் 327 பிளாக்கில் 283-இன் கிராங்க் ஷாஃப்டைப் போட்டது. கிடைத்தது 302. சிலிண்டர் விட்டம் 4 அங்குலம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 3 அங்குலம்தான். தூரம் குறைந்ததால் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் தாங்கியது. 1967 கமாரோ இசட்/28 அப்படிப் பிறந்தது. காகிதத்தில் 290 குதிரைத்திறன். குறைத்துச் சொன்ன அந்த எண்ணை அன்றே யாரும் நம்பவில்லை.

வெளியூர்க்காரர்கள் இந்த எஞ்சின்களைக் கேலி செய்வது புஷ்ராடை வைத்துத்தான். பழைய புல்லட் ஓட்டியவர்களுக்குத் தெரியும்: கேம் ஷாஃப்ட் கீழே இருக்கும், நீண்ட கம்பிகள் மேலே போய் ராக்கரைத் தள்ளி வால்வைத் திறக்கும். இத்தனை உறுப்புகளும் ஒவ்வொரு சுழற்சியிலும் முன்னும் பின்னும் ஆட வேண்டும். வேகம் எல்லை மீறினால் வால்வு ஸ்பிரிங்கால் ஈடுகொடுக்க முடியாது. குறை உண்மைதான். ஆனால் நான்கு நான்கு சிலிண்டர்களாக இரண்டு வரிசைகள் சாய்ந்து நிற்கும் வி8-இல் நான்கு கேம் ஷாஃப்டுகளை மேலே ஏற்றினால் சிலிண்டர் தலைகள் இரண்டும் வீங்கிவிடும், செயின்கள் நீளும், எஞ்சின் அகலமாகும். புஷ்ராடு எஞ்சினிலோ இரண்டு வரிசைக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் ஒரே கேம் ஷாஃப்ட் அடங்கிவிடும். அதனால்தான் செவர்லேயின் 6.2 லிட்டர் எஞ்சின், ஃபோர்டின் நான்கு கேம் ஷாஃப்ட் 5 லிட்டர் எஞ்சினைவிட உருவத்தில் ஒடுக்கமாக இருக்கிறது. 2006 கார்வெட் இசட்06-இல் 7 லிட்டர் புஷ்ராடு எஞ்சின் 505 குதிரைத்திறனைத் தந்து நிமிடத்துக்கு 7000 சுழற்சிவரை ஓடியது. அதற்காக இன்டேக் வால்வுகளை டைட்டானியத்தில் செய்து எடையைக் குறைத்திருந்தார்கள். இதைப் பழைய தொழில்நுட்பம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

கிரைஸ்லரின் 426 ஹெமியும் புஷ்ராடுதான். எரியறை அரைக்கோள வடிவம். வால்வுகள் எதிரெதிரே சாய்ந்திருப்பதால் பெரிதாக வைக்கலாம், காற்றும் தடையின்றிப் பாயும். விலை, எடை இரண்டும் கூடுதல். 1964 டேடோனா 500 பந்தயத்தில் ரிச்சர்டு பெட்டி இதை வைத்து வென்றார். அடுத்த பருவத்துக்குப் பந்தயச் சங்கமான நாஸ்கார் தடை போட்டது: சாதாரண மக்கள் வாங்க முடியாத எஞ்சின் இங்கே ஓடக் கூடாது. சரி, விற்கிறோம் என்று 1966-இல் கிரைஸ்லர் அதைக் கடைக்கே கொண்டுவந்தது. பந்தயச் சங்கத்தின் கண்டிப்பால் வீதிக்கு வந்த எஞ்சின் அது!

எழுபதுகளில் எண்ணுபவர்கள் பெருகினார்கள். காப்பீட்டுக்காரர்கள் குதிரைத்திறனை எண்ணினார்கள், அரசு புகையை எண்ணியது, 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு எல்லாரும் பெட்ரோலை எண்ணினார்கள். அந்தச் சோகக் கதையை விட்டுவிடுகிறேன். மசில் கார்களில் பேர்போன டாட்ஜ் சார்ஜரில் இன்று வி8 இல்லை. இரட்டை டர்போவுடன் 3 லிட்டர், ஆறு சிலிண்டர். மின்சாரத்தில் ஓடும் சார்ஜர் காரும் உண்டு. அதற்கு எக்ஸாஸ்ட் ஓசையைச் செயற்கையாக உண்டாக்கித் தருகிறார்கள். கேட்க எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

இங்குள்ள இளைஞர்கள் வேறு வழி கண்டிருக்கிறார்கள். பழைய இரும்புக் கடையில் அடிபட்ட செவர்லே பிக்அப்பைத் தேடிப்பிடித்து, அதன் 5.3 லிட்டர் புஷ்ராடு எஞ்சினைக் கழற்றுகிறார்கள். ஒல்லி உருவம் என்பதால் எதிலும் நுழையும். மாஸ்டா மியாட்டா என்ற குட்டி ஜப்பானியக் காருக்குள்ளேயே இந்த வகை வி8-ஐ இறக்கிவிடுகிறார்கள். அதற்கான தாங்கிகளும் மற்றச் சாமான்களும் முழு செட்டாகக் கடையிலேயே கிடைக்கின்றன.

அன்புடன்,
உங்கள் டெட்ராய்ட்வாசி